சுற்றாமல் விட்ட மஞ்சள் டேப்

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அதை வெந்நீரில் போட்டுக் கொதிக்க விட வேண்டும் சார். உள்ளே இருப்பது இரும்பு இல்லை, ஃபெரைட். கறுப்பாக, பீங்கான் மாதிரி இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துபோகும். பசை இளகினால் தானாகக் கழன்று கைக்கு வந்துவிடும். இந்த இராஜாங்கம் பொறுமைசாலி என்று பூதலூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிரித்த பிறகு பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, என் மைக் செட் ஆம்ப்ளிபயருக்குத் தோதாகப் புதுக் கம்பி சுற்றுவேன். மற்றவர்கள் செட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என்னுடையதை சைக்கிள் கேரியரில் கட்டி வரப்பு மேலேயே தள்ளிக்கொண்டு போகலாம். சுற்றும்போது ஒன்று முக்கியம். கரண்ட் வருகிற சுற்றுக்கும் ஆம்ப்ளிபயருக்குப் போகிற சுற்றுக்கும் நடுவே மஞ்சள் டேப் சுற்ற வேண்டும். மோட்டார் கொட்டகைக் கரண்டுக்கும் மைக் பிடிக்கிறவர் கைக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அதுதான். அந்த டேப்பை நான் ஒரே ஒரு தடவைதான் சுற்றாமல் விட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்டது நியாயம்.

எங்கள் அப்பா அய்யாவு பண்ணையாளாக இருந்தவர். மிராசுதார் உச்சவரம்புக்கு மேலே இருந்த நிலத்தையெல்லாம் பினாமி பேரில் எழுதி வைத்திருந்தார். கொட்டகையில் நிற்கிற காளை பேரிலும் எழுதியிருப்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். விவசாயிகள் சங்கம் கொடி நட்டு வயலில் இறங்கியபோது அப்பாவும் இறங்கினார். அடி வாங்கினார், ஜெயிலுக்குப் போனார், ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கேஸ் நடந்துகொண்டே இருந்தது. சூரியன் போய் இலை வந்தது, இலை போய்ச் சூரியன் வந்தது. அப்பா பட்டாவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அண்ணன் வேம்பு உழுதான். அவனைப் பாம்பு கடித்தது. அதற்குப் பிறகு அண்ணி எல்லையம்மாள் உழுதார். நான் தஞ்சாவூருக்குப் போய் ரேடியோ வேலை கற்றுக்கொண்டு வந்து கடை போட்டேன்.

கடைசியில் பட்டா வந்தபோது அது அண்ணி பேரில் வந்தது. சங்கத் தலைவர் கண்ணுசாமிதான் அந்தப் பேரைத் தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நான் கூட்டத்தில் எழுந்து, அய்யாவு மகன் நான் இருக்கிறேனே என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"ஒழுதவங்களுக்குத்தான் நெலம்னு ஒங்கப்பா ஜெயிலுக்குப் போனாரு," என்றார் கண்ணுசாமி. "ராஜாங்கம், ஒன் கையில சேறு பட்டு எத்தன வருஷமாச்சுப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் என்னுடையது. என் மைக்கில் என்னைக் கேலி செய்தார். அந்தச் சிரிப்பு என் குழாய் ஸ்பீக்கரிலேயே வயல் முழுக்கக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது சார். இப்போதும் எரிகிறது. அப்பா கால் போனது யாருக்காக? வேற்றூரிலிருந்து தாலி கட்டிக்கொண்டு வந்தவளுக்காகவா?

அண்ணி மறுநாள் கடைக்கு வந்தார். காலில் சேறு காயவில்லை. "தம்பி, பேரு எம்பேருல இருந்தா என்ன? வெளையறதுல பாதி ஒனக்கு. எனக்கென்ன புள்ளையா குட்டியா?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். என் அப்பா நிலத்தில் எனக்குப் பிச்சை போடுகிறார் என்பது அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அதற்கு என்ன செய்ய முடியும்? அன்றைக்கே புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

பட்டா வந்த வயலில் முதல் நடவை விழாவாக வைத்தார் கண்ணுசாமி. மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்தேன். சேற்றில் செருப்போடு இறங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணுசாமி வெறுங்காலோடு நின்றுதான் பேசுவார். அவருக்காகத்தான் எல்லாம் செய்தேன். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வரப்பிலேயே நின்றேன். மைக்கில் துண்டைச் சுற்றிப் பிடித்து ஹலோ சொல்லிப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது.

"செருப்பக் கழட்டிட்டு எறங்கு தம்பி. நீயும் ஒரு முடி நாத்து ஊனு, அப்பா மனசு குளுரும்," என்றார் அண்ணி. சேற்றில் முழங்கால் வரை நின்றிருந்தார். கையெல்லாம் ஈரம்.

நீங்கள் அடுத்து கேட்கப்போவது எனக்குத் தெரியும். நடவு விழாவில் நிலத்துக்காரப் பெண் மைக்கில் குலவை போட்ட பிறகுதான் தலைவர் பேசுவார். சங்கம் மற்ற வயல்களில் வைத்த விழாவெல்லாம் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மைக் செட் போட்டது நான்தான். ஆகவே, மைக் முதலில் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள்.

தெரியும் சார்.

துண்டோடு சேர்த்துப் பிடித்து நீட்டி, "புடிங்க அண்ணி," என்றேன். அவர் பிடித்ததும் துண்டை உருவிக்கொண்டேன். குலவை ஆரம்பித்த இடத்திலேயே அறுந்தது. ஸ்விட்ச் என் காலடியில் இருந்தது. "நிறுத்துடா," என்று கண்ணுசாமி ஓடி வந்தார். அவர் வந்து அண்ணியைத் தொடட்டும் என்று காத்திருந்தேன். அவர் தொடவில்லை, மூங்கில் கழியால் வயரைத் தட்டிவிட்டார். விவரமான ஆள். அதற்குள் அண்ணி நாற்று முடிகள் மேலே சாய்ந்துவிட்டார்.

டேப்பைச் சுற்றாமல் விட்டது நான். மைக்கைக் கொடுத்தது நான். ஸ்விட்சை அணைக்காமல் நின்றதும் நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அண்ணிக்குப் பிள்ளை இல்லை, வாரிசு நான் ஒருவன்தான். உழுதவனுக்குத்தான் நிலம் என்றால் நானே உழுகிறேன், சேற்றில் இறங்க இனி எனக்குத் தயக்கமில்லை. நாற்றங்காலில் மிச்ச நாற்று அப்படியே நிற்கிறது, வயசு தாண்டினால் தூர் கட்டாது. என்னை எப்போது விடுவீர்கள் சார்?