ஆறாவது கேடயத்தின் ப்ரூஃப்

உங்கள் மேசையில் இருக்கும் பெயர்த்தகடு கொஞ்சம் கோணல், இன்ஸ்பெக்டர் ஐயா. இடது பக்கத் திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினால் நேராகிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருடமாகக் கேடயக் கடை வைத்திருப்பவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் எழுத்து வெட்டும் முன் வாசகத்தைத் தாளில் அடித்துக் காட்டுவோம். ப்ரூஃப் என்போம். பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் மெஷினைத் தொடுவேன். பித்தளையில் விழுந்ததை அழிக்க முடியாது.

போன மாதம் ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்தார். கிண்டலுக்கு விருது கொடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைக் கரித்துக்கொட்டும் பெரிய மனிதர்களைப் பொறுக்கியெடுத்து, வருடா வருடம் மேடையில் பெயர் வாசித்துக் கேடயம் கொடுப்பார்களாம். இந்த வருடம் ஆறு. அடுத்தவன் படுக்கையறையைப் பற்றியே ஆயுசு முழுக்கப் பேசிய பேச்சாளருக்கு 'ஜன்னல் மாமணி'. இரண்டு பெண்களை ராவோடு ராவாகக் காலிசெய்யச் சொல்லிவிட்டு, அந்த வீட்டிலேயே தன் சின்னவீட்டைக் குடிவைத்த வீட்டுக்காரருக்கு 'ஒழுக்கத் திலகம்'. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறைப்பானேன்.

"உங்களுக்கு இதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து வெட்டறவனுக்கு எல்லாம் எழுத்துதாம்மா. பாராட்டா திட்டான்னு பித்தளைக்குத் தெரியுமா என்ன?"

அவர் போன பிறகுதான், தந்துவிட்டுப் போன தாள்களில் ஆறாவதைப் பார்த்தேன். 'கரண்ட் வைத்தியச் செம்மல்'. சொந்த மருமகனை ஆம்பளை ஆக்குவதற்காக இருபத்தொரு நாள் கட்டிப்போட வைத்து, அவன் வலது காதைச் செவிடாக்கிய சாதனைக்காக. கீழே என் மனைவியின் அண்ணன் பெயர்.

அந்த மருமகன் என் மகன். அந்தக் கரண்ட் வைத்தியம் செய்யும் இடத்தில் அவனைச் சேர்த்த படிவத்தில், தகப்பன் என்ற கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. சிகிச்சை என்றுதான் சொன்னார்கள். வெளியே வந்த வாரமே அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். இரண்டு வருடமாக எங்கே இருக்கிறான் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தாளின் ஓரத்தில், 'பரிந்துரைத்தவர்' என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. கதவு எண்ணோடு முழு முகவரியும் இருந்தது. அவனே எழுதியது. குண்டு குண்டாக எழுதுவான். நான் கைபிடித்துப் பழக்கிய எழுத்து.

மேடையில் வாசித்தால் அந்த மருமகன் யார் பிள்ளை என்று கேட்க மாட்டார்களா? நானும் நாலு பேர் முன்னால் தலைகாட்ட வேண்டியவன். பரிந்துரையை அவனே வாபஸ் வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது. அதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். அவ்வளவுதான் யோசித்தேன். அந்தத் தாளையே ப்ரூஃப் என்று மச்சானுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"என்ன எழவு மாப்ள இது? எவன் செஞ்ச வேலை?"

"தாள்லயே இருக்கு மச்சான். ஓரத்துல பாருங்க."

போனில் தாள் சரசரத்தது.

"இந்த அட்ரஸ் நெசந்தானா?"

"உங்க பேரு சரியா இருக்கான்னு பாருங்க."

"அவன் காலை ஒடைக்காம விட மாட்டேன். உன் புள்ளைன்னும் பாக்க மாட்டேன், ஆமா."

"பேரு சரிதானே?"

"சரிதான், போ."

"அப்ப ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

காலை ஒடைப்பேன் என்றுதான் சொன்னார், ஐயா. தலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு என் மகன் செத்துப்போனான் என்று நீங்கள்தான் சொல்லியனுப்பினீர்கள். அப்போது நான் ஐந்தாவது தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ரூஃப் வழக்கமாக யாருக்குப் போகும் என்று கேட்டீர்கள். ஆர்டர் கொடுத்தவருக்கு. விருது வாங்குகிறவருக்கு ஒருநாளும் போனதில்லை. மற்ற ஐந்தும் வக்கீலம்மாவுக்குத்தான் போயின. முகவரி இருக்கும் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். ஆமாம், தெரிந்துதான் வைத்தேன்.

நேற்று அந்த வக்கீலம்மா இங்கே வந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"உங்க கடைக்குத்தான் ஆர்டர் குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான். அட்ரஸ் எதுக்குடா, பேரு போதும்னேன். 'இருக்கட்டுங்க்கா. அப்பா கண்ணுல படட்டும். பட்டா ஒருநாள் வருவாரு'ன்னான்."

எதிர்வீட்டுக்காரி சொன்னதையும் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். மச்சான் கதவைத் தட்டி, "அப்பா வந்திருக்கார்டா, தெற" என்றாராம். முதல் தடவை அவன் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை, "அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்து திறந்தானாம்.

மச்சான் சொன்ன பொய்க்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முகவரி என் கையில் இருந்தும், அந்த வீட்டுப் பக்கம் நான் ஒருநாளும் போகவில்லை.