நொதி போடும் மாப்பிள்ளை

மதுவிலக்கு நடப்பிலிருந்த காலம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஒருவர் தம் மனைவியிடம் தீர்ப்பு வழங்கும் தொனியில் கூறினார்:

“நொதி போடுறவனுக்கு எம் மகளக் குடுக்க ஏலாது.”

“பால் பண்ணையில ஆராய்ச்சி வேலைங்க. மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசியில வெவரமாத்தான எழுதியிருக்காக?”

“நொதிக்கப் போட்டா அது சாராய ஊறலு. பானையில போட்டா என்ன, பண்ணையில போட்டா என்ன? போலீசு வாசல்ல வந்து நிக்கும்.”

“இந்த நொதி ஒரு மருந்து மாதிரியாம். பாலத் திரிச்சுக் கட்டிய எடுத்துட்டு, மிஞ்சுற தண்ணியச் சாக்கடையில ஊத்துறாகள்ல? அதுல இதப் போட்டா இனிப்பாயிருமாம். மிட்டாய்க்குப் பாகு காய்ச்சலாமாம்.”

“போதை ஏறாதா?”

“ஏறாதாம். ஏறுனா ஒங்களுக்கு மோந்ததுமே தெரிஞ்சிருமே.”

அருகிலிருந்தோர் நகைத்தனர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“சரி, பொண்ணு பாக்க வரச் சொல்லு. எங்க அண்ணன் கேட்டா, பால் பண்ணை வேலைன்னு மட்டும் சொல்லு. நொதின்னு வாயத் தொறந்துறாத.”

“அவுககிட்ட நேத்தே சொல்லிட்டேங்க. மாப்பிள்ளை வரும்போது ஒரு பாட்டில் கொண்டாரச் சொல்றாக.”