முதலிடத்தில் அக்காவின் கடிதம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறை சொல்லவில்லை. டீ கொடுத்து உட்காரவைத்து என் தொழிலைப் பற்றிப் பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். வழக்கமாக நான் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சுவேன்.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தொழில்: இணையதளங்களைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருவது. உங்கள் காவலர் பேனாவைப் பிடித்தபடி விழிக்கிறார், பாவம். அவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஒருவருக்குப் பல் வலிக்கிறது. தேடுபொறியில் பல் டாக்டர் என்று அடிக்கிறார். ஆயிரம் பக்கங்கள் வரிசையில் நிற்கின்றன. முதல் பக்கத்தில் இடம் கிடைப்பதோ ஏறக்குறைய பத்துப் பேருக்கு. நீங்கள் எப்போதாவது இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறீர்களா? இல்லை அல்லவா? யாரும் போவதில்லை. அங்கே இருப்பதும் உலகத்தில் இல்லாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் ஒன்றுதான்.

அந்தப் பத்துப் பேரை எப்படிப் பொறுக்குகிறது? தேடுபொறிக்குப் பல்லும் தெரியாது, சொத்தையும் தெரியாது. அடுத்தவர் யாரைக் கைகாட்டுகிறார்கள் என்று பார்க்கிறது. புது ஊரில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? பத்துப் பேர் ஒரே வாசலைக் காட்டினால் அங்கே போய் வாயைத் திறக்கிறோம். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு கைகாட்டல். கைகாட்டுபவர் பெரிய மனிதராக இருந்தால் மதிப்பு கூடும். செய்தித்தாள், பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் இவையெல்லாம் பெரிய மனிதர்கள். வந்தவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்களா, எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறார்களா என்பதையும், பக்கத்தில் புதிதாக ஏதாவது வருகிறதா என்பதையும் பார்க்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். நம்பிக்கைதான். அது தன் மனதில் இருப்பதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என் வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? மெத்தைக் கடைக்காரர். குளியலறைத் தரை ஓடு விற்பவர். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிப்பவர். மூட்டைப்பூச்சிக்காரரை எந்தப் பல்கலைக்கழகம் கைகாட்டும், சொல்லுங்கள். பதினோரு வருடம் மூட்டைப்பூச்சியோடுதான் மல்லுக்கட்டினேன்.

விஷயத்துக்கு வா என்று உங்கள் முகம் சொல்கிறது. வந்துவிட்டேன்.

என் அக்கா ஒரு சலவைக் கடையில் அயர்ன் பண்ணுகிறவள். அத்தான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். ஒரே மகள். வீட்டில் ஒரே போன், அதுவும் அத்தான் சட்டைப்பையில். பெண்ணுக்குப் பத்தொன்பது வயதில் கணக்குப் படிப்பு கசந்துவிட்டது. கேக் செய்கிற வேலைக்குப் போகிறேன் என்றாள். நேரக் காப்பாளர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

"போறதுன்னா போ. நான் செத்தாதான் நீ இந்த வாசப்படிய மிதிக்கணும்" என்றார்.

போய்விட்டாள். எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. வயது வந்த பெண், தானாகப் போனவள், நாங்கள் என்ன செய்ய என்று உங்கள் துறையும் கைவிரித்துவிட்டது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அப்படி.

மூன்று மாதம் கழித்து அக்கா வேலை முடிந்து நேராக என் மாடி அறைக்கு வந்தாள். மேலெல்லாம் நீராவி வாடை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"தம்பி, அவ என்னைக்காவது இந்த கம்ப்யூட்டர்ல தன் பேரைப் போட்டுப் பார்ப்பாளா?"

"எல்லாரும் பார்ப்பாங்கக்கா. வெளிய சொல்ல மாட்டாங்க."

"அப்ப மொதல்ல நான்தான்டா வரணும். வேற யாரும் வரக் கூடாது."

பதினோரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. அன்றைக்கே உட்கார்ந்து பக்கத்தைக் கட்டினேன். மகளின் பெயர், படம், அதன் கீழே மாதம் ஒரு கடிதம். மாதம் ஒன்று என்பது என் யோசனை. அக்கா தாளில் எழுதித் தருவாள், நான் தட்டச்சு செய்து போடுவேன். போட்டதும் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவேன். மேசையில் காகிதம் சேர்ந்தால் எனக்கு வேலை ஓடாது.

நாலே மாதத்தில் முதலிடம். பிறகு ஒரு செய்தித்தாள், மகளுக்கு மாதம்தோறும் எழுதும் தாய் என்று பாதிப் பக்கம் போட்டது. ஒரு தொண்டு நிறுவனம் இணைப்புக் கொடுத்தது. அப்புறம் ஒரு பல்கலைக்கழகம், மேடம். உளவியல் துறை. என் கையால் கட்டிய பக்கத்தை ஒரு பல்கலைக்கழகம் கைகாட்டியது. அக்காவிடம் காட்டினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுதோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இவ்வளவு பலமுள்ள பக்கத்தைச் சும்மா வைத்திருப்பது பாவம். கடிதத்துக்குக் கீழே, 'இந்தத் தாய்க்குத் துணை நிற்பவர்கள்' என்று தலைப்புப் போட்டு என் வாடிக்கையாளர்கள் பத்துப் பேருக்கு இணைப்புக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் மூட்டைப்பூச்சிக்காரர் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துணை நின்றார் என்று போட்டதில் தவறில்லை, அக்கா கட்டிலுக்கு ஒரு தடவை இலவசமாக மருந்து அடித்தார்.

கடிதங்களில் கை வைத்தேனா என்று கேட்டீர்கள். வைத்தேன். அக்கா பேசுகிற மாதிரி எழுதுகிறவள். 'காணாமல் போன மகள்' என்ற வார்த்தையை அவளாக ஒரு தடவைகூட எழுத மாட்டாள். தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? நான்தான் அங்கங்கே சேர்ப்பேன். "நான் இப்படி எழுதலையே தம்பி" என்பாள். "கம்ப்யூட்டருக்குப் புரியணும்லக்கா" என்பேன். சரி என்று விட்டுவிடுவாள்.

அடுத்த வருடம் அத்தான் டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். அந்த மாதக் கடிதத்தில் அக்கா, 'அப்பா போய்ட்டாரும்மா, இனிமே உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வந்துடு' என்று எழுதியிருந்தாள். அந்த வரியை எடுத்துவிட்டேன். காரணம் முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்டது. மரணம், இறுதிச் சடங்கு என்று எழுதினால் தேடுபொறி அதைக் கொண்டுபோய் இரங்கல் பக்கங்களோடு சேர்த்துவிடும் என்று பயந்தேன். முதலிடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

அக்காவிடம் வேறு மாதிரி சொன்னேன். "தன்னாலதான் அப்பா போயிட்டாருன்னு நெனச்சு அவ இன்னும் தூரமா ஓடிடுவாக்கா."

"நீ யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லடா" என்று என் தலையைத் தடவினாள். அதற்கப்புறம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என் வீட்டுக் கீழ்ப்பகுதிக்கே வந்துவிட்டாள். அத்தான் போனும் அத்தானோடு போய்விட்டது.

மூன்றாவது வருடம் பக்கத்தின் தொடர்புப் படிவத்தில் ஒரு செய்தி வந்தது. படிவத்தில் எழுதுவது எனக்கு மட்டும்தான் வரும்.

'மாமா, நான்தான். இது நீங்க பண்ற பக்கம்னு தெரியும். அப்பா கோவம் ஆறிடுச்சா? ஆறிடுச்சுன்னா சொல்லுங்க, வரேன். அம்மாட்ட இப்ப சொல்லாதீங்க, அப்பாட்ட மாட்டிக்கிட்டு அவங்கதான் அடி வாங்குவாங்க.'

சந்தோஷப்பட்டேன், மேடம். அடித்துச் சொல்கிறேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு, "அக்கா" என்று வாயெடுத்துப் படியிறங்கினேன். நாலு படி இறங்கியிருப்பேன்.

நாலாவது படியில் நின்று யோசித்தேன். மகள் வந்துவிட்டால் இது என்ன பக்கம்? கடிதம் நின்றுவிடும். செய்தித்தாள் ஒரு நாள் வாழ்த்திவிட்டு மறந்துவிடும். வந்த பெண்ணைப் பற்றி யார் நாலு நிமிடம் உட்கார்ந்து படிப்பார்கள்? என் பத்துப் பேரும் பொத்தென்று விழுவார்கள். ஒரு பக்கம் அக்காவும் மகளும், இரண்டு பேர். இன்னொரு பக்கம் பத்துக் குடும்பம். நான் பொதுவாகப் பார்க்கிறவன். திரும்பி நாலு படி ஏறிவிட்டேன்.

'இன்னும் ஆறலைம்மா. கொஞ்ச நாள் போகட்டும்' என்று எழுதினேன்.

இதைப் பொய் என்று காவலர் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். நான் வாதாட விரும்பவில்லை. ஆனால் செத்தவருடைய கோபம் ஆறிவிட்டது என்று எந்த டாக்டர் சான்று கொடுத்தார்?

அதன்பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பாள். ஆறவில்லை என்பேன். ஒவ்வொரு மாதமும் கடிதம் போட்ட அன்றைக்கே தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருத்தி வந்து நாலு நிமிடம் படித்துவிட்டுப் போவது, பக்கத்துக்கு வருபவர்களைப் பற்றி நான் வைத்திருக்கும் கணக்கில் தெரியும். அவ்வளவு விசுவாசமான வாசகி எந்தப் பக்கத்துக்கும் கிடைக்க மாட்டாள். கீழே அக்கா, 'படிச்சிருப்பாளாடா?' என்று கேட்பாள். 'தெரியலைக்கா' என்பேன். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். ஒரு குடும்பத்தில் அது சின்ன விஷயமா?

ஆறாவது வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தே எழுதினாள். 'மூச்சு வாங்குது கண்ணு. படுத்தா தூக்கம் வரல. கோவமெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம். ஒரு தடவ வந்து முகத்தக் காட்டிட்டுப் போ.'

அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. எனக்கும் தொழில் ரசனை உண்டு. அந்தக் கடிதத்துக்கு ஒரே நாளில் முந்நூறு இணைப்பு.

மகளும் படித்தாள். 'டிக்கெட் எடுத்துட்டேன் மாமா. அப்பா வெட்டினாலும் பரவாயில்ல, வரேன்.'

இந்த இடத்தை மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். நான் பதில் போட்டேன்: 'பதறாதேம்மா. அது பக்கத்துக்காக நானா எழுதினது. அப்படி எழுதினாதான் நாலு பேர் படிப்பாங்க. அம்மா காலையிலகூட அயர்ன் பண்ணிட்டிருந்தா.'

'இப்படியெல்லாமா எழுதுவீங்க மாமா? எனக்கு உயிரே போயிடுச்சு' என்று திட்டி எழுதினாள். நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

பதினோராவது நாள் அக்கா போய்விட்டாள். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவும் நான்தானே மொதல்ல வரேன்?" என்று கேட்டாள்.

"நீதான்க்கா."

நிம்மதியாகப் போனாள் என்று சொன்னால் முறைப்பீர்கள். சரி, சொல்லவில்லை.

கடிதம் நிற்கவில்லை. எட்டு மாதம், எட்டுக் கடிதம், எல்லாம் என் கை. சொந்தப் பெருமை பேசக் கூடாதுதான், ஆனால் அக்கா கடிதத்தை நாலு நிமிடம் படித்த உலகம் என் கடிதத்தை ஆறு நிமிடம் படித்தது. 'காணாமல் போன மகள்' என்று ஒரு தடவைகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா எங்கே பெருமூச்சு விடுவாள், எங்கே வாக்கியத்தைப் பாதியில் விடுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் பங்குக்கு ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். எட்டாவது கடிதத்தை அளவுக்கு மீறி நன்றாக எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு மகள் என்னிடம் கேட்கக்கூட இல்லை, கிளம்பிவிட்டாள். வீட்டுக்குப் போனால் அப்பா இருப்பார் என்று பயந்து, தன் கையால் செய்த கேக் பெட்டியோடு நேராகச் சலவைக் கடைக்குப் போயிருக்கிறாள், அம்மாவைத் தனியாகப் பார்க்க. கடைக்கார அம்மாதான் சொன்னாராம்.

"உங்கம்மா போய் எட்டு மாசமாச்சே கண்ணு. உனக்கு யாரும் சொல்லலையா?"

"அப்பா?"

"அவரு போய் அஞ்சு வருஷமாகுதே."

என் மாடிக்கு வந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அப்படியே வந்து, அவள் அம்மா நிற்கிற இடத்தில், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். எழுபத்துச் சொச்சம் கடிதங்கள்.

"இதுல அம்மா எழுதினது எது மாமா?"

தேடினேன், மேடம். மனசாட்சியோடு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். எந்த வரி அவளுடையது, எது நான் செருகியது என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை. பெருமூச்சு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. கடைசியில் அந்த 'மூச்சு வாங்குது' கடிதத்தைக் காட்டி, "இது அம்மா எழுதினதுதாம்மா, ஒரு எழுத்து மாத்தலை" என்றேன்.

"இது நீங்க எழுதினதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"இல்லம்மா, இது நெஜம்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் எவ்வளவு சொன்னாலும் இனி எந்தப் பிரயோசனமும் இல்லை. அம்மாவின் ஒரு வார்த்தையாவது மிஞ்சியதா என்று அவளுக்கு இனித் தெரியப் போவதே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் குனிந்து அவள் தோளைத் தொட்டு, "தேடுபொறிக்கே வித்தியாசம் தெரியலம்மா, எல்லாமே மொதல்லதான் வருது, நீ ஏன் கவலப்படுற?" என்றேன்.

அவள் எழுந்து நேராக உங்களிடம் புகார் கொடுக்க வந்துவிட்டாள். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.