பின் ஆசனத்து பல்பு

மஹ்ரிப் தொழுகை முடிந்து இருட்டும் நேரம். கொடகவெலவிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ரோட்டு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். அந்த ரோட்டில் நுஹ்மான் தனியாக ஒரு டபுள் கெப்பை, பின் ஆசனமும் உள்ள பிக்கப்பை, ஓட்டிக்கொண்டு போனான். இரண்டாயிரத்து ஆறில் நடந்தது இது. நுஹ்மான் வேறு யாருமில்லை, நம் ஸப்ரியின் மச்சான். பெல்மதுளையில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். கதை கேட்கக் கதவுப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள்...

கெப் தோட்டத்துடையது. அதன் டிரைவர் இராசலிங்கம் கொண்டுவந்து விட்டிருந்தார். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வளைவிலிருந்து மேலே தேயிலை ஸ்டோர் வரைக்கும் டர்போ வேலை செய்வதில்லையாம். கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்கிறதாம். ஸ்டோரைத் தாண்டினால் பழையபடி இழுக்கிறதாம்.

விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க நுஹ்மானிடம் ஒரு வழி இருந்தது. டர்போ வால்வுக்குக் கரண்ட் போகும் கம்பியிலிருந்து ஒரு கிளை இழுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு குட்டி பல்பைத் தொங்கவிடுவான். எரிந்தால் கரண்ட் இருக்கிறது. அணைந்தால் இல்லை. கராஜில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. கை தவறிப் பின்னால் விழுந்த குறடு ஒன்றை எடுக்கப் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தான். பல்பு அணைந்தது. எழுந்தான்... எரிந்தது. அலாரம் பூட்டிய எவனோ அந்தக் கம்பியைப் பின் ஆசனத்துக்கு அடியால் இழுத்திருந்தான். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கம்பியை நசுக்குகிறது. அவ்வளவுதான் கோளாறு.

பின்னால் எத்தனை பேரை ஏற்றிப் போகிறீர்கள் என்று கேட்டான். இராசலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாருமில்ல நானா. நான் தனியாத்தான் போறேன். ஆனா இருட்டிட்டா அந்த வளைவுல நிப்பாட்டி, பின் கதவ தொறந்து மூடிட்டுத்தான் போவோம். ஸ்டோர்கிட்ட மறுபடியும் தொறந்து மூடணும். எங்க டிரைவர்மாரு எல்லாரும் அப்படித்தான் செய்றது. ஏன்னு யாரும் கேட்டதில்ல."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். கம்பியைச் சரிசெய்து வண்டியை அனுப்பியிருக்கலாம். ஆனால் கண்ணால் காணாமல் எதையும் நம்பாத பிடிவாதக்காரன் நுஹ்மான். கம்பியைத் தொடாமல், பல்பைத் தொங்கவிட்டபடி, அன்றே புறப்பட்டான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

வளைவு வந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. இறங்கினான். பின் கதவைத் திறந்தான்... மூடினான். தன்னையே கேலி செய்துகொண்டு வந்து உட்கார்ந்து கியரைப் போட்டான்.

பின்னால் ஸ்பிரிங் கிரீச்சென்றது.

பல்பு அணைந்தது.

எக்ஸிலேட்டரை மிதித்தான். இஞ்சின் முனகியதே தவிர வண்டி இழுக்கவில்லை. நனைந்த கம்பளியின் வாடை மெதுவாக முன்னால் வந்தது. மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவர்களின் வாடை... அன்று மழையே இல்லை. கண்ணாடியைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டோர் விளக்கு மேலே தெரிந்தது. அந்த இருட்டில், அந்த வேகத்தில், அதைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் ஏற அவனால் முடியவில்லை. பயந்துவிட்டான். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இடம் கிடைத்ததும் வண்டியைத் திருப்பிக் கீழே விட்டான்.

இறங்க வேண்டியவரை இறக்காமல் திருப்பிவிட்டோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. மீண்டும் ஏற வண்டிக்கும் வலு இல்லை, அவனுக்கும் இல்லை. வழியில் நிறுத்தவும் பயம். தான் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கிவிட்டால்? பெல்மதுளை வந்தது. கடைகள், வெளிச்சம், ஆட்கள்... பல்பு எரியவில்லை. முதுகில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஈரக்காற்று பட்டுக்கொண்டே வந்தது.

கால் போன போக்கில் என்பார்களே, கை போன போக்கில் வீட்டு வாசலுக்கே வந்து நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. சாவியைத் தொடவில்லை. பல்பையே பார்த்துக்கொண்டு, விடியும் வரை அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தான்.

வண்டிச் சத்தம் கேட்டு மனைவி மர்லியா வெளியே வந்தாள். வேலை முடிந்து அவன் வந்தால் குறடு, ஸ்பேனர் போட்ட ஆயுதப் பையை எடுத்து உள்ளே வைப்பது அவள் வழக்கம். எந்த வண்டியில் வந்தாலும் பை பின் ஆசனத்தில்தான் இருக்கும். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பின்னால் போய்விட்டாள்.

மர்லியா பின் கதவைத் திறந்தாள்.

பல்பு எரிந்தது.

மறுநாள் கம்பியைச் சரிசெய்து கெப்பை அனுப்பிவிட்டான். வீட்டில் வந்து இறங்கியதை அனுப்பத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை. லெப்பை வந்து ஓதினார். வாடை போகவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், கூட வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு வருடம் கழித்து ஸப்ரி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒவ்வொரு கதிரையின் காலிலும் ஒரு குட்டி பல்பு. எல்லாவற்றுக்கும் அடியில் கம்பி ஓடியது. ஆளைக் கண்டு மர்லியா சிரித்தாள், ஆனால் மெலிந்து பாதியாகியிருந்தாள். நுஹ்மான் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸப்ரி ஜன்னலோரக் கதிரையில் உட்காரப் போனான்.

"அதுல வாணாம் தம்பி," என்றாள் மர்லியா. "பல்பு எரியல்ல பாருங்க."

எரிகிற ஒன்றில் உட்கார்ந்தான். அவன் பாரத்துக்கு அது அணைந்தது. தேத்தண்ணி வந்தது. ஊர்க்கதை பேசினார்கள். பைக்கில்தான் வந்தேன், இருட்டுமுன் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஸப்ரி நிமிர்ந்தான்.

ஜன்னலோரக் கதிரையின் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நுஹ்மானின் கண் நிறைந்துவிட்டது. மர்லியா எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்தாள். நேரமாகுது, கவனமாகப் போய்ட்டு வாங்க என்றாள். ஸப்ரி செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். அவள் கதவை உடனே மூடவில்லை. இன்னொரு ஆள் கடந்துபோகும் அளவுக்குப் பொறுத்திருந்துதான் மூடினாள்.