குதிகாலில் எடுத்த ரத்தம்

நெல்லிவாசல்நாடு போகும் ஷேர் ஜீப்பில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண், எதிரே இருந்த கர்ப்பிணியிடம் சொன்னாள்:

"பொறந்த மூணாம் நாளே குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. நர்சம்மாகிட்ட சண்டைக்குப் போய்ட்டேன்."

"இன்னாத்துக்குக்கா எடுத்தாங்க?"

"தைராய்டு சரியா கீதான்னு பாக்க. இவளுக்கு ரொம்பக் கம்மி. அப்படியே வுட்டிருந்தா மூளை வளர்ச்சி கொறைஞ்சிருக்குமாம். தெனம் காத்தால மாத்திரைய நசுக்கித் தாய்ப்பால்ல குடுக்கறேன். இப்போ ஆறு மாசம். தானா பொரளுறா, ஆளைப் பாத்துச் சிரிக்கிறா. மாசமா இருக்கறப்போ திங்கற உப்புல அயோடின் இல்லன்னாலும் புள்ளைக்கு இப்படி ஆவுமாம்."

கர்ப்பிணி வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "எங்க வூட்ல வண்டிக்காரர் கொண்டார்ற கல்லுப்புதான்."

"பாக்கெட்ல அயோடின்னு போட்டிருக்கற உப்பா வாங்கு. உள்ள இருக்கற புள்ளைக்கு அது வோணும். பொறந்ததும் அந்த ரத்தத்தையும் எடுக்கச் சொல்லு."

"மறந்துட்டாங்கன்னா?"

"எடுக்கற வரைக்கும் ஆஸ்பத்திரிய வுட்டு வராத."