எளாவூர் லைன்

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, ஐயா. எங்கள் ஆபீஸ் டீயைவிட ஒரு படி மேல்தான்.

குடிநீர்ப் பிரிவில் நான் அதிகாரி. மேசை திருவள்ளூரில், ஆட்களோ ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என்று மூலைக்கு ஒருவர். முகம் பார்க்காமலே அவர்களைக் கட்டி மேய்க்க வேண்டும். 2006-இல் கான்ஃபரன்ஸ் போன் வந்தது. காலையில் எல்லோரும் ஒரே லைனில் வந்து, "நார்மல் சார்" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். இதை எல்லா மாவட்டத்துக்கும் மாதிரியாகக் காட்டப்போவதாகச் சென்னையில் பேச்சு.

எளாவூர் பம்ப் ஆபரேட்டர் மணியம்மாள் மட்டும் நார்மல் சொல்ல மாட்டார்.

"சார், கம்பெனிக்காரங்க இன்னாத்தையோ மண்ணுல உடுறாங்க. தண்ணி நாறுது. மோட்டாரை நிறுத்திடட்டா?"

ஆர்டர் இல்லாமல் எங்களில் யாரும் மோட்டாரை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் விசாரணை வரும், மாதிரி மாவட்டம் என்ற பெயரும் போய்விடும். அதோடு, பயம் ஒட்டுவாரொட்டி. ஊத்துக்கோட்டைக்காரரும் தண்ணீரை முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் போனில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ஒருவர் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். அழுத்தினேன். திட்டவில்லை, மெமோ கொடுக்கவில்லை. அந்தம்மா சொல்லி முடித்ததும் "சரிம்மா" என்பேன். எளாவூரும் நார்மல் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தம்மா தினமும் சொன்னார். வாந்தி என்றார், பேதி என்றார். பரசுராமன் வீட்டுக் குழந்தை போய்விட்டது என்றார்.

"ஊர்ல கேக்குறாங்க சார். மேல சொல்லிக்கினுதான் கீறேன், தப்பா இருந்தா சார் நிறுத்தச் சொல்லமாட்டாரா, குடிங்கன்றேன். அவங்க நம்பணுமேன்னு எதிர்லயே நானும் குடிக்கிறேன்."

என்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று பெருமையாக இருந்தது, ஐயா. மறைக்க மாட்டேன்.

பிறகு செத்தவர்களைச் சொல்லும்போது பெயர் மட்டும் சொல்வார். கடைசியாக லைனில் வந்தபோது பெயரும் இல்லை, மூச்சுதான் இழுத்தது. "சரிம்மா" என்றேன். எல்லா இடமும் நார்மல் என்று மேலே அனுப்பினேன். அன்று சாயங்காலம் அந்தம்மாவும் போய்விட்டார்.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆனால் கேட்க நாதியில்லாமல் அந்த ஊர் செத்தது என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அது அபாண்டம். நான் ஒருநாள்கூட லைனைத் துண்டிக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.