கடனுக்கு ரெண்டு கூடைக் குப்பை

சின்னமனூரில், கரியை எரித்து ஓடும் பஸ் சூடேறும் வரை உள்ளே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன் சீட்டில் ஒரே தெருக்காரிகள் இரண்டு பேர். மூத்தவள் திடீரென்று கேட்டாள்:

"தாயி, உங்க வீட்டுக் குப்பை ரெண்டு கூடை கடனாக் குடுப்பியா?"

"குப்பையவா மதினி?"

"குப்பை வண்டிக்குக் கூடைக்கு இம்புட்டுன்னு காசு வச்சாக. அன்னைல இருந்து வண்டியில ஒண்ணும் போடுறதில்ல, கொல்லையில புதைச்சிர்றோம். எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவக நேரா வண்டிக்காரன்கிட்டப் போயி, அந்த வீட்டுல எத்தன கூடை விழுதுன்னு கேட்டிருக்காக. ஒண்ணுமில்லன்னு அவன் உள்ளதச் சொல்லிட்டான். அடுப்பெரியாத வீட்டுல சம்பந்தம் வேணாம்னு போயிட்டாக."

மூத்தவளே தொடர்ந்தாள்:

"வெள்ளிக்கிழம போடியில இருந்து வேற ஆளுக வாராக. அதுக்குள்ள எங்க வாசல்ல ரெண்டு கூடை நிக்கணும். எங்க வீட்டுல அரைக் கூடைக்கு மேல சேராது தாயி."

கிளீனர் பின்னால் கரியைக் கிளறினான். இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"எங்க வீட்டுலயும் கொல்லைக் குழிதான் மதினி."

பஸ் ஒருவழியாகக் கிளம்பியது. பழனிசெட்டிபட்டி வந்தது. இறங்கப்போகும்போது மூத்தவள் சொன்னாள்:

"அப்ப ரெண்டு வீட்டுதையும் ஒண்ணாச் சேப்போம். இந்தத் தடவ எங்க வாசல்ல வைப்போம். உம் மகளப் பாக்க வர்றப்ப, உங்க வாசல்ல வைப்போம்."